இருகையன் அடித்துக்கொண்டிருக்கிறான்

ஒரு ஆள் டைஸ் உருட்டித் தன் முறையை முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு நிமிடம். யோசிக்கிற ஆளாக இருந்தால் மூன்று நிமிடம். எங்கள் மேசையில் ஒருவருடைய முறை ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்குத் தொடங்கியது. இன்றோடு பதினான்கு சனிக்கிழமை ஆகிறது, இன்னும் முடியவில்லை. நான் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை. அப்படி யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவரிடம் நான் எதையோ குறைத்துச் சொல்லியிருக்கிறேன், அந்தக் கோபம்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மேசை, காகிதம், பென்சில், இருபது முகம் கொண்ட ஒரு டைஸ். ஒருவன் கதை சொல்லுவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடப்பார்கள். "எதிரே ஒரு குகை" என்று கதை சொல்பவன் சொன்னால் ஒருவர் "உள்ளே போகிறேன்" என்பார், இன்னொருவர் "எனக்கு மூட்டு வலி, வெளியே நிற்கிறேன்" என்பார். சண்டை வந்தால் வரிசைப்படி முறை. பெரிய எண் விழுந்தால் வெட்டு விழுந்தது. சின்ன எண் விழுந்தால் வாள் காற்றை வெட்டியது. ஒன்று விழுந்தால் எதைக் கூட்டினாலும் தவறியதுதான். இது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டம் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். எங்கள் நான்கு பேர் வயதையும் கூட்டினால் இருநூற்று எண்பத்தொன்று.

கதை சொல்பவன் நான். முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். ஆடுகிற இடம் என் மச்சானுடைய லாண்டரியின் பின்னறை. ஒரு பக்கம் துணி உலர்த்தும் இயந்திரங்கள் இரண்டு உருண்டுகொண்டே இருக்கும். மறுபக்கம் பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள் தலையில்லாத விருந்தாளிகளைப் போல வரிசையாகத் தொங்கும். நடுவில் சட்டை மடிக்கிற மேசை. மச்சான் என் மனைவியின் தம்பி. ஆட்டத்தில் அவன் மந்திரவாதி. மூன்றாவது ஆள் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது குரலை உயர்த்தினால் "ஆர்டர், ஆர்டர்" என்பார், அதனால் அவர் பெயரே ஆர்டர் ஆகிவிட்டது. அவர் வாள்காரர். நான்காவது ஆள் என் அக்கா. ஹெட் நர்ஸாக இருந்தவள். அவள் வார்டில் நோயாளிகள் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இருமுவார்கள்.

பத்தொன்பது வருடமாக ஆடுகிறோம். முதல் வருடம் ஒரு சண்டை நடுவே நான் ஒரு விதியை மாற்றினேன் என்று மச்சான் எழுந்து போய்விட்டான். எட்டு மாதம் பேசவில்லை. நான் என்ன சொன்னேன் என்று அவனுக்கும் அவன் என்ன சொன்னான் என்று எனக்கும் என் வீட்டுக்காரிதான் தூது. அவள் தன் சொந்தக் கருத்துகளையும் நடுவில் சேர்த்துவிட்டாள், அதனால் சண்டை பெரிதாயிற்று. கடைசியில் அக்கா ஒரு மருந்து அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கம் இரண்டு சட்டம் எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஒன்று: ஒருவர் முறை நடக்கும்போது விதியை மாற்றக் கூடாது, வேறு யாரும் கதைக்குள் எதுவும் செய்யக் கூடாது, முக்கியமாகக் கதை சொல்பவன். இரண்டு: மேசையில் இல்லாதவருக்கு முறை கிடையாது, அது அடுத்தவருக்குப் போய்விடும். அன்றிலிருந்து நாங்கள் சண்டை போட்டுக்கொண்டதில்லை. முறைத்துக்கொள்வதோடு சரி.

அக்காவின் பாத்திரம் ஒரு பூட்டுக்காரி. முதல் நாள் எல்லோரும் தங்கள் பாத்திரத்தின் ஆசையைச் சொன்னார்கள். மச்சான் உலகத்தை ஆள வேண்டும் என்றான். ஆர்டர் நீதி நிலைக்க வேண்டும் என்றார். அக்கா சொன்னாள்: "வேலை முடிஞ்சிருச்சு. என் வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம். வீட்டுக்குப் போறேன். அவ்வளவுதான்."

அவளை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் ஒருவர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும், சனிக்கிழமை மதியம் நான் என்ன செய்வேன்? வழியில் ஒரு காட்டை வைத்தேன். காட்டைத் தாண்டியதும் ஒரு யுத்தம். யுத்தம் முடிந்ததும் வெள்ளம். நடுவில் மூன்று வருடம் அவளை ஒரு அரண்மனையில் பூட்டு பழுதுபார்க்க வைத்தேன், அந்த அரண்மனையில் நாலாயிரம் கதவு. அக்கா முணுமுணுக்காமல் ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவள் மேசையில் உட்காரும்போதே சொன்னாள்.

"பையன் கூப்பிட்டுட்டான். வீட்டைக் காலி பண்றேன். இன்னும் பதினொரு வாரம்."

வேறு நாடு. விமானத்தில் பதினாறு மணி நேரம். உலர்த்தும் இயந்திரத்தில் யாருடைய பேன்ட் பையிலோ இருந்த சில்லறை மட்டும் உருண்டது.

"அதுக்குள்ள என்னை வீட்டுல கொண்டுபோய் விட்டுருடா," என்றாள் அக்கா. "ஆத்துக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும்னு பாத்துட்டுப் போறேன்."

"அதுக்கென்னக்கா," என்றேன். "ஒரு பாலம்தான் பாக்கி."

அது உண்மை. வைப்பதற்கு என்னிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

"இன்னொண்ணு. ஆர்டர் சார் பாவம், பத்தொன்பது வருஷமா வாளையே வீசிட்டிருக்காரு. அவருக்கும் ஒரு மந்திரம் கத்துக்கணும்னு ஆசை. நான் போறதுக்குள்ள ரெண்டும் தெரிஞ்ச ஒரு நல்ல தொழிலா செஞ்சு குடுங்கடா."

ஆர்டர் தரையைப் பார்த்தார். "அப்படி ஒண்ணும் அவசியமில்லை மேடம்," என்றார். காது இரண்டும் சிவந்திருந்தன.

பாத்திரம் என்ன வேலை தெரிந்தவர் என்பதைத்தான் எங்கள் மேசையில் தொழில் என்போம். வாள்காரனுக்குத் தொழில் செய்வது சுலபம். மந்திரவாதிக்குச் செய்வதும் சுலபம். இரண்டும் தெரிந்த ஒருவனுக்குச் செய்வது இருக்கிறதே, அது நகைச்சுவை உணர்வுள்ள வக்கீலைத் தேடுவது மாதிரி. நானும் மச்சானும் அன்று மாலையே கடை முன்னால் உட்கார்ந்தோம்.

"மாமா, ரெண்டையும் முழுசா குடுத்துடலாம்," என்றான் மச்சான். "மனுஷன் எவ்வளவு வருஷம் காத்திருக்காரு."

"ரெண்டும் முழுசா இருந்தா அவர் ஒருத்தரே போதும். நீ எதுக்கு? உன் மந்திரவாதிக்கு ரிட்டையர்மென்ட் குடுத்துடட்டுமா?"

மச்சான் யோசித்தான். தன் மந்திரவாதி என்றதும் யோசிக்க ஆரம்பித்துவிடுவான்.

"லிஃப்ட்ல எதிர் எடைன்னு ஒண்ணு இருக்கு," என்றேன். "பெட்டி ஏறினா அது எறங்கணும். மந்திரம் ஒரு கிலோ ஏறினா வாள் ஒரு கிலோ எறங்கணும்."

"அப்படிப் பாத்தா ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கும் மாமா. உள்ள இருக்கறவன் சந்தோஷமாவா இருப்பான்?"

இருந்தாலும் என் பேச்சுப்படி ஒன்று செய்து பார்த்தோம். பாதி வாள், பாதி மந்திரம். சோதனைக்கு அந்தப் பாத்திரத்தை ஒரு ஆட்டோடு மோதவிட்டோம். சாதாரண ஆடு. கொம்புகூடச் சின்னது. ஆடு ஜெயித்தது. இரண்டாவது தடவையும் ஜெயித்தது. மூன்றாவது தடவை ஆடு சண்டையில் அக்கறை காட்டவில்லை, அதனால் சமன்.

"கறை போகலைன்னா இன்னொரு மூடி ஊத்தணும்," என்றான் மச்சான். லாண்டரிக்காரன் புத்தி. எதற்கும் இன்னொரு மூடி ஊற்றச் சொல்வான். ஊற்றினோம். அடுத்த ஆள் ஆட்டை மட்டுமல்ல, ஆடு மேய்ந்த மலையையும் சேர்த்து அழித்தான். குரல்கள் உயர ஆரம்பித்தன. மறுபடியும் எட்டு மாதம் வந்துவிடுமோ என்று இருவருக்குமே பயம். அதனால் ஒரு சமாதானத்துக்கு வந்தோம்: வாள் பக்கத்தை நான் என் வீட்டில் எழுதுவது, மந்திரப் பக்கத்தை அவன் கடையில் எழுதுவது, சனிக்கிழமை இரண்டையும் சேர்த்து ஒரு பின் அடிப்பது. ஒருவர் பக்கத்தில் ஒருவர் மூக்கை நுழைப்பதில்லை. தொழிலுக்குப் பெயர் மட்டும் சேர்ந்து வைத்தோம். இருகையன். ஒரு கையில் வாள், மறுகையில் நெருப்பு.

மந்திரத்தைச் சும்மா அள்ளி வீசக் கூடாது, வாளால் சம்பாதிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் எழுதினேன்: வெட்டு விழுந்தால் ஒரு தீப்பொறி கிடைக்கும். ஆர்டருடைய அதிர்ஷ்டம் எனக்குத் தெரியும். முக்கியமான நேரத்தில் எல்லாம் அவருக்கு ஒன்றுதான் விழும். அதனால் இரக்கப்பட்டு இன்னும் இரண்டு வரி சேர்த்தேன். ஒன்று விழுந்தால் மறுபடி உருட்டலாம். ஒரே முறையில் அடுத்தடுத்து வெட்டினால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு எண் கூட்டிக்கொள்ளலாம்.

மந்திரம் போடுகிறவன் வாளை மறந்துவிடக் கூடாது என்பது மச்சானின் எண்ணம். அவன் எழுதினான்: கிடைத்த தீப்பொறியை வெட்டுப்பட்டவன் மேலேயே எறிய வேண்டும், எறிந்தால் உடனே இன்னொரு வெட்டு வெட்டியே ஆக வேண்டும். பொறியைச் சேர்த்து வைத்துக்கொண்டு நான் ஏதாவது கோல்மால் செய்வேன் என்று அவனுக்குச் சந்தேகம். அதனால் கடைசியாக ஒரு வரி: முறை முடியும்போது கையில் ஒரு பொறி மிச்சமிருந்தாலும் அது வெடித்துச் சுற்றிப் பத்தடியில் நிற்பவர்களைச் சாம்பலாக்கும்.

என் பக்கத்தை நான் வீட்டில் தலையணையோடு மோதவிட்டுப் பார்த்தேன். கச்சிதம். அவன் பக்கத்தை அவன் கடையில் இஸ்திரி மேசையோடு மோதவிட்டுப் பார்த்தான். கச்சிதம். லிஃப்ட் பெட்டியை ஒரு கட்டடத்திலும் அதன் பிரேக்கை இன்னொரு கட்டடத்திலும் சோதித்துவிட்டு, பாஸ் என்று கையெழுத்துப் போட்ட கதை. வேலையில் இருந்த காலத்தில் எனக்குக் கீழே எவனாவது அப்படிச் செய்திருந்தால் அவனை அந்த லிஃப்டிலேயே ஏற்றி அனுப்பியிருப்பேன்.

போதாததற்குப் பாலத்துக்குக் காவலாக நான் ஒரு கல் பூதத்தை வைத்திருந்தேன். செல்லப் பெயர் கல்லண்ணன். மச்சானின் மந்திரவாதியைக் கொஞ்சம் மட்டம் தட்டுவதற்காகவே செய்த பூதம். இரும்பு பட்டால் அதன் உயிரில் எட்டு குறையும், மந்திர நெருப்பு பட்டால் எட்டு கூடும். கூடுவதற்கு உச்சவரம்பு முந்நூறு.

எழுதித் திருத்துவதிலேயே இரண்டு சனிக்கிழமை போய், மூன்றாவது வந்தது. வரிசை முடிவாயிற்று: முதலில் ஆர்டர், அடுத்து அக்கா, பிறகு கல்லண்ணன், கடைசியில் மச்சான். திட்டம் எளிது. ஆர்டர் நான்கு வெட்டு வெட்டிப் பூதத்தின் கவனத்தைத் திருப்புவார். அக்காவின் முறை வந்ததும் பூட்டுக்காரி பன்னிரண்டு எட்டு வைத்துப் பாலத்தைத் தாண்டுவாள். பூட்டுக்காரி பாலத்தின் முதல் படியில், ஆர்டருக்கு நேர் பின்னால், இரண்டடி தள்ளி நின்றாள். வழியில் பட்ட அடிகளில் அவளுக்கு மூன்று உயிர்தான் மிச்சம்.

"கனம் கதை சொல்பவர் அவர்களே," என்று எழுந்து நின்றார் ஆர்டர். "இருகையன் வெட்டுகிறான்."

பதினாறு. வெட்டு விழுந்தது, எட்டு குறைந்தது, ஒரு பொறி கிடைத்தது. எறிந்தார். எட்டு கூடியது. இன்னொரு வெட்டு. பதினொன்று, அதோடு ஒன்று. விழுந்தது. பொறி. எறிந்தார். இன்னொரு வெட்டு. பத்தொன்பது வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

"இது ரொம்ப நல்லா இருக்குங்க," என்றார். "ரொம்ப நன்றிங்க."

கால் மணி நேரம் நாங்களும் கைதட்டினோம். பிறகு தட்டுவது குறைந்தது. ஒரு தடவை ஒன்று விழுந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மறுபடி உருட்டினார். பதினெட்டு.

"என்னடா, என் முறை வந்துச்சா?" என்றாள் அக்கா.

"இதோ வந்துரும்க்கா."

மூன்று மணிக்கு மச்சான் அந்த இரண்டு தாளையும் பின்னைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒரு விரலை என் தாளிலும் ஒரு விரலைத் தன் தாளிலும் வைத்து மாற்றி மாற்றி நகர்த்தினான். விரல்கள் நிற்கவே இல்லை. அவன் முகம் சலவைக்கு வந்த சட்டையைப் போலாயிற்று, சலவைக்குப் பிறகு அல்ல, முன்னால்.

"மாமா, கொஞ்சம் வெளிய வாங்க."

அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே நின்றோம்.

"வெட்டினா பொறி. பொறி போட்டா வெட்டு," என்றான்.

"தெரியுது."

"தவற விட்டாதான் நிக்கும். நீங்க ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கூட்டி வச்சிருக்கீங்க. இப்ப முந்நூறு கூட்டியாச்சு. அவரு எப்படித் தவற விடுவாரு?"

"ஒண்ணு விழுந்தா?"

"அதையும் நீங்கதான் மறுபடி உருட்டச் சொல்லியிருக்கீங்க!"

"பூதம் செத்தா நின்னுரும்."

"வாள் எட்டு எடுக்குது, நெருப்பு எட்டு குடுக்குது. எப்ப சாகும்? யாரு செஞ்ச பூதம் மாமா அது?"

"சரி, பொறிய எறியாம நிறுத்தச் சொல்லு."

மச்சான் என்னைப் பார்க்காமல் ஒரு மூட்டையைப் பார்த்துச் சொன்னான். "மிச்சம் இருந்தா வெடிக்கும். பத்தடி. அக்கா ரெண்டடில நிக்கறாங்க."

உள்ளே டைஸ் உருண்டது. "பதிமூணு, கூட்டல் முந்நூத்தி நாலு," என்றது ஆர்டரின் குரல், மிகவும் உற்சாகமாக.

அன்று ஆறு மணிக்குக் கடை மூடும்வரை உருட்டினார். அடுத்த சனிக்கிழமை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். உற்சாகம் அந்த வாரமே போய்விட்டது. மூன்றாவது வாரம் அவர் வலது கை வீங்கி, சட்டைக் கையை மச்சான் பிரித்துத் தைத்துக் கொடுத்தான். ஐந்தாவது வாரத்துக்குள் அந்தக் கை ஒரு பயில்வானுடைய கையாகவும் மற்றக் கை ஒரு கிளார்க்கினுடையதாகவும் ஆகிவிட்டன. உண்மையான இருகையன். எத்தனை வெட்டு என்று குறிக்கத் துணிகளில் கட்டும் டேக் சுருளைப் பயன்படுத்தினோம். ஆறு சுருள் தீர்ந்தது. டைஸ்கள் முனை தேய்ந்து கோலிக்குண்டாகி, நிற்க இடம் தெரியாமல் அறையைச் சுற்றின. ஏழு டைஸ் அப்படி ஓய்வு பெற்றன. மாடியில் குடியிருப்பவர் டைஸ் சத்தத்தைக் கேட்டு, குழாய் சொட்டுகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டார். பிளம்பர் வந்து காது வைத்துக் கேட்டுவிட்டு, சொட்டுவது உண்மைதான் என்று சொல்லி இரண்டு குழாயை மாற்றிவிட்டுப் போனார்.

என் பங்குக்கு நானும் முயன்றேன். ஏழாவது வாரம் ஆர்டர் கையை உதறும்போது மேசைக் காலை உதைத்தேன். டைஸ் துள்ளி உலர்த்தும் இயந்திரத்துக்கு அடியில் போய்விட்டது. கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை, அதில் ஏதாவது வழி பிறக்கும் என்று பார்த்தேன். அக்கா எழுபத்தைந்து வயதில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"இருபது," என்றாள் கீழேயிருந்து. "கூட்டி எழுதிக்குங்க. உதைச்சவனுக்கு ஒரு கொட்டு நான் அப்புறம் வைக்கிறேன்."

ஆர்டர் அன்று முதல் தடவையாக உருட்டுவதை நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது.

"மேடம், நான் ஒரு தப்பான மனுவைப் போட்டுட்டேன். எனக்கு மந்திரமே வேண்டாம். வாபஸ் வாங்கிக்கறேன்."

"நடுவுல எப்படி சார் வாபஸ்? உங்க முறை நடக்குதில்ல," என்றாள் அக்கா. "நீங்க உருட்டுங்க. நான் வெயிட் பண்றேன். முப்பத்தெட்டு வருஷம் நைட் டியூட்டி பாத்தவளுக்கு இது என்ன."

அவளுடைய கடைசிச் சனிக்கிழமை ஒன்பதாவது. கோட்டு, கைப்பை, புதுச் செருப்பு எல்லாம் போட்டுக்கொண்டு நேராக மேசைக்கு வந்தாள். அழைத்துப் போக வந்திருந்த மகன் நான்கு மணிக்கு டாக்சியோடு வருவான். பெட்டிகளை ஏற்கெனவே ஏற்றியாயிற்று. ஆர்டர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு நிமிடத்துக்குப் பத்து என்ற கணக்கில் உருட்டினார். வேகமாக உருட்டினால் முடிவுக்கு வந்துவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, வராது என்று சொல்லவும் எங்களுக்கு வாய் வரவில்லை.

மூன்றரை மணிக்கு என்னால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, சட்டம் நீ போட்டதுதானே. நீயே கிழிச்சுப் போடு. ஒரு நிமிஷம். பன்னண்டு எட்டு. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு நான் எழுதி வச்சிருக்கேன், நாலு பக்கம்." சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வாசல், ஜன்னல், விளக்கு எந்தப் பக்கம் என்பது வரை எழுதியிருந்தேன். அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை.

"மடிச்சு வை."

"ஏன்க்கா இப்படி அடம் பிடிக்கறீங்க," என்றான் மச்சான். "தப்பு எங்களுது. நீங்க ஏன் நிக்கணும்?"

"தம்பி, நீயும் இவனும் ஒழுங்கா பேசிக்கிறது இந்த அட்டைனாலதான். நான் இருக்கும்போதே கிழிச்சா, நான் போன மறுவாரம் நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க? ஒருத்தன் விதியை மாத்துவான், ஒருத்தன் எழுந்து போவான். அப்புறம் ஆர்டர் சார் மட்டும் தனியா உக்காந்து கோட்டுங்களோட பேசிட்டிருப்பாரு."

ஆர்டர் உருட்டினார். ஒன்பது. கூட்டல் பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று ஆறு.

"நான் உன்னைப் பத்தொன்பது வருஷம் அலைய விட்டேன்," என்றேன். "வேணும்னேதான்."

"தெரியும்டா. நாலாயிரம் கதவு வச்ச அரண்மனைய எவன் கட்டுவான்? எண்ணூறாவது கதவுலயே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொன்னா சனிக்கிழமை மத்தியானம் நீ என்ன பண்ணுவே?"

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே ஹாரன் அடித்தது. அவள் மகன் எதிலும் ஐந்து நிமிடம் முந்துகிற பையன். அக்கா எழுந்து பென்சில்களை ஒரு பக்கமாக அடுக்கினாள். ஆர்டரின் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டைப் பிரித்து, இறுக்கம் பார்த்து மறுபடி கட்டினாள். அந்த அரை நிமிடம் மட்டும் டைஸ் உருளவில்லை.

"ராத்திரி ஐஸ் வைங்க. இருபது நிமிஷத்துக்கு மேல வேண்டாம்."

"சரிங்க மேடம்," என்றார். அதற்கு மேல் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன், வரவில்லை. டைஸை எடுத்தார்.

நானும் மச்சானும் டாக்சி வரை போனோம். எனக்கு வைப்பதாகச் சொன்ன கொட்டை அக்கா வைக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "கடைய மூடிட்டாங்கன்னு நெனச்சு ஒரு அம்மா மூட்டையோட நிக்குது பாரு, போய்க் கவனி," என்று மச்சானிடம் சொன்னாள். டாக்சி போய்விட்டது. மூட்டையோடு நின்ற அம்மா, போர்வைக்குத் தனி ரேட்டா என்று கேட்டாள்.

திரும்பி வந்தபோது ஆர்டர் உருட்டிக்கொண்டிருந்தார்.

"இனிமே நிறுத்தலாமே சார்," என்றான் மச்சான்.

"நிறுத்தினா வெடிக்கும். மேடம் படியில நிக்கறாங்க."

"அக்காதான் போயிட்டாங்களே."

"சரி, வெடிக்கலைன்னே வச்சுக்குங்க. என் முறை முடியும். அடுத்தது மேடம் முறை. மேசையில இல்லாதவங்களுக்கு முறை கிடையாது. தாண்டிப் போயிடும்." கட்டுப் போட்ட கையால் சுவரில் இருந்த அட்டையைக் காட்டினார். "இது முடியாம இருக்கற வரைக்கும் அடுத்தது அவங்கதான். நான் சொல்றது சட்டப்படி சரியா, தப்பா?"

நானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பத்தொன்பது வருடத்தில் ஒரு விதியைப் பற்றி எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து இருந்தது அன்றுதான்.

"சரிதான்," என்றேன்.

"பதினஞ்சு," என்றார் ஆர்டர்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் அவருக்குக் கை வலித்தால் மச்சான் உருட்டுவான், அவனுக்கு வாடிக்கையாளர் வந்தால் நான் உருட்டுவேன். முறை ஆர்டருடையது, கை மட்டும் இரவல். இதற்குத் தடை எந்தச் சட்டத்திலும் இல்லை, பார்த்துவிட்டோம். சனிக்கிழமை எங்கே போகிறீர்கள் என்று என் வீட்டுக்காரி இப்போது கேட்பதில்லை. வெந்நீர் ஒத்தடத்துக்கு ரப்பர் பை ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்புகிறாள்.

இன்று மூன்று மணிக்கு அக்கா கூப்பிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"உருட்டறோம்."

"எத்தனை?"

"இருபதாயிரத்தைத் தாண்டியாச்சுக்கா."

"கல்லண்ணன் எப்படி இருக்கான்?"

"முந்நூறுல இருந்து எட்டு எறங்கறான், எட்டு ஏறறான். ஆரோக்கியமா இருக்கான்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வீடு எப்படிக்கா?"

"வீடு அவங்களோடது. எனக்கு ஒரு ரூம். ஜன்னல் இருக்கு. எதிர்ல கார் நிறுத்தற இடம். நாலு மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வரும், ஆறு மணிக்கு ஒரு நீலக் கார் வரும். மத்தபடி ஒண்ணும் குறையில்ல. பேரன் நல்லாப் பேசறான், எனக்குத்தான் புரியலை." பிறகு கேட்டாள்: "ஆர்டர் சார்கிட்ட குடு."

"பேச முடியாதுக்கா. கணக்கு விட்டுப்போயிடும்னு பயப்படறாரு."

"சரி, பேச வேண்டாம். போனை மேசை மேல வை. நான் சத்தத்தைக் கேட்டுட்டிருக்கேன்."

வைத்தேன். மச்சான் எழுந்து போய் இரண்டு உலர்த்தும் இயந்திரங்களையும் நிறுத்தினான். ஈரத் துணிகள் உள்ளே ஒரு முறை புரண்டு அடங்கின. அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. டைஸ் மேசையில் உருண்டு, போனுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"பதினேழு," என்றார் ஆர்டர், வழக்கத்தை விடக் கொஞ்சம் சத்தமாக.